கரையடியில் கூடிய பேரவை

முள்ளம்பன்றி வேலாயி மூன்றாவது வருடமாக மனு கொடுக்க வந்தது. காட்டுப் பேரவையின் மேற்பார்வைக் குழுத் தலைவரான உடும்பு, புளியமரத்தடியில் வயிற்றைத் தரையில் பரப்பிப் படுத்திருந்தது.

"என்ன வேலாயி, மறுபடியுமா?"

"மறுபடியும்தான் அண்ணே. ஏரிக்கரை கசியுது!"

"அந்தக் கேள்வியை முந்தின வருஷத்துக்கு முந்தின வருஷமே கேட்டாச்சே. கேட்ட கேள்வியைத் திரும்பக் கேட்க விதியில இடமில்ல."

"அதனாலதான் போன வருஷம் மாத்திக் கேட்டேன். கரையிலேருந்து தண்ணி வருதுன்னு."

"அதுக்கும் பதில் வந்துடுச்சே."

"என்ன பதில் வந்துச்சு? 'கவனத்தில் கொள்ளப்பட்டது'ன்னு வந்துச்சு! கவனத்துல கொண்டா கசிவு நின்னுடுமா?"

ஒரு கேள்விக்கு அமைச்சரிடமிருந்து பதில் வந்துவிட்டால், அந்தக் கேள்வி முடிந்தது. மேற்பார்வைக் குழு அதன் மேல் ஒரு நகக்கீறல் போட்டு மூலையில் அடுக்கிவிடும். பதிலுக்குள் என்ன இருக்கிறது என்று படித்துப் பார்ப்பது யாருடைய வேலை என்று எந்த விதியிலும் சொல்லப்படவில்லை. அதனால் யாரும் படிப்பதில்லை.

"சரி, இந்த வருஷம் எப்படிக் கேட்கப் போறே?"

"என் வளை ஏன் ஈரமா இருக்குன்னு கேட்கப் போறேன்."

"இது புதுக் கேள்விதான். கொடுத்துட்டுப் போ."

வேலாயி மனுவை வைத்துவிட்டு உடனே போகவில்லை. முட்கள் லேசாகச் சிலிர்த்தன. "அண்ணே, எனக்கு ரெண்டு குட்டி இருக்கு," என்றது. பிறகுதான் போனது.

அந்த ஏரிக்கரையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். நான்கு வருடங்களுக்கு முன்னால் காட்டில் ஒவ்வொரு குடும்பமும் தன் பங்குத் தானியத்தைப் பொதுக் களஞ்சியத்தில் கொட்டியது. அந்தத் தானியத்தைக் கூலியாகக் கொடுத்துக் கரை கட்டினார்கள். பொதுப்பணி அமைச்சர் கரடி. வேலையை எடுத்துச் செய்த காண்ட்ராக்டர் பெருச்சாளி. வாழ்நாளெல்லாம் கரையைத் தோண்டுகிற ஜாதியிடம் கரை கட்டும் வேலையை எப்படிக் கொடுத்தார்கள் என்று என்னைக் கேட்காதீர்கள். கேட்டவர்களுக்கு, "அவருக்கு மண் வேலையில் நல்ல அனுபவம்" என்று பதில் வந்தது.

கரைக்கு மண் வேண்டியிருந்தது. வேலாயியின் பழைய வளை இருந்த மேட்டை வெட்டி எடுத்துக்கொண்டார்கள். அதற்குப் பதிலாகப் பேரவை ஒரு இடம் ஒதுக்கிக் கொடுத்தது. புதுக் கரையின் அடிவாரத்தில், சரியாக நடுவில். ஒரு பக்கம் நரிகளின் எல்லை, இன்னொரு பக்கம் காட்டுப்பன்றிகளின் எல்லை. அங்கிருந்து நகர வேலாயிக்கு வேறு இடமில்லை. கரை உடைந்தால் முதலில் போவது அந்த வளைதான். உள்ளே இருப்பது இரண்டு குட்டிகள். வேலாயிக்குத் தெரிந்த அரசியல் அவ்வளவுதான்.

உடும்பு கெட்ட பிராணி இல்லை. ஆளும் பக்கத்தைச் சேராத ஒருவர்தான் மேற்பார்வைக் குழுவுக்குத் தலைவராக இருக்க வேண்டும் என்பது காட்டின் வழக்கம். அப்படித்தான் ஏழு வருடங்களுக்கு முன்னால் அது வந்தது. முதல் வருடம் உடும்புப் பிடியாகத்தான் பிடித்தது. பாறைப் பாலம் ஏன் பாதியில் நிற்கிறது என்று கேட்டது. 'பரிசீலனையில் உள்ளது' என்று பதில் வந்தது. மறு வருடம் வேறு மாதிரி கேட்டது. 'தீவிரப் பரிசீலனையில் உள்ளது' என்று பதில் வந்தது. இப்படியே ஏழு வருடம் ஓடிவிட்டது. இப்போதெல்லாம் உடும்புக்குக் காலையில் எழுந்திருக்கும்போதே களைப்பாக இருந்தது.

சித்திரை மாதம் குழு சுற்றுப்பயணம் புறப்பட்டது. பயணம் எப்போதும் சித்திரையில்தான். ஐப்பசி மழையில் பேரவை குகைக்குள் கூடிவிடும். மழை நிற்கும் வரைக்கும் யாரும் வெளியே வர மாட்டார்கள். அதனால் காட்டில் கட்டப்பட்ட கரை, கால்வாய், மதகு எல்லாவற்றையும் மேற்பார்வைக் குழு கோடையில்தான் பார்த்தது. ஏரியில் தண்ணீர் இருந்து குழு ஒருமுறைகூடப் பார்த்ததில்லை.

குழுவில் உடும்பைத் தவிர இரண்டு பேர். மயில், ஆமை. கரைமேல் கரடி நின்று வரவேற்றது. பெருச்சாளி பந்தல் போட்டிருந்தது. யாருக்கு என்ன பிடிக்கும் என்று அதற்கு அத்துப்படி. மயிலுக்குத் தினை, ஆமைக்குத் தாமரைத் தண்டு. உடும்புக்கு வறுத்த ஈசல். சித்திரையில் ஈசல் எங்கே கிடைத்தது என்று தெரியவில்லை.

"பார்வையிடுங்கள், நன்றாகப் பார்வையிடுங்கள்!" என்றது கரடி.

"ஆகா, என்ன நேர்த்தி! நூல் பிடித்த மாதிரி இருக்கே!" என்றது மயில்.

கரை வெயிலில் காய்ந்து மொறமொறவென்று இருந்தது. உடும்பு குனிந்து தன் நகத்தால் ஒரு இடத்தில் சுரண்டப் போனது.

"அடடா! தொடக் கூடாது உடும்பாரே!" கரடி பாய்ந்து வந்து தடுத்தது.

"ஏன்?"

"நீங்கள் பார்வையிடும் குழு. பார்க்கலாம். தோண்டினால் அது பழுதுபார்ப்பு. பழுதுபார்ப்பு என் துறை."

உடும்பு நகத்தை இழுத்துக்கொண்டது. சரிவில் இறங்கி மதகைப் பார்த்தது. மதகு அழகாகத்தான் இருந்தது. இரண்டு பக்கமும் கருங்கல். நடுவில் தேக்குப் பலகை. பலகையில் பெருச்சாளியின் பெயர் செதுக்கியிருந்தது.

"இதைக் கொஞ்சம் திறந்து காட்டுங்க."

"மதகைத் திறக்க ஏரியில் பத்து முழத் தண்ணீர் இருக்க வேண்டும் என்பது விதி," என்றது கரடி.

"பத்து முழம் எப்ப வரும்?"

"கார்த்திகையில்."

"கார்த்திகையில நாம எல்லாரும் குகைக்குள்ள இருப்போமே!"

"விதி செய்தது நானில்லையே!" என்று கரடி கையை விரித்தது.

உடும்பு தன் குழுவைத் தனியாக அழைத்தது. "இந்த வருஷம் மழையில ஒருதடவை வந்து பார்ப்போம். கசியுதுன்னு அந்த வேலாயி மூணு வருஷமா நடையா நடக்குது."

"மழையிலயா? என் தோகை என்ன ஆகிறது!" என்றது மயில்.

"எனக்கு மழையைப் பத்தி ஒண்ணுமில்ல," என்றது ஆமை. "ஆனா பயணப்படி சித்திரைக்கு மட்டும்தான் உண்டு. படி இல்லாம நான் ஒரு அடிகூட எடுத்து வைக்கிறதில்ல."

பெருச்சாளி கையைக் கட்டிக்கொண்டு முன்னால் வந்தது. "ஐயாமார்களுக்குச் சந்தேகம் இருக்கக் கூடாது. இப்பவே சோதிச்சுக் காட்டிடறேன்!"

அது ஒரு குடம் தண்ணீர் கொண்டுவந்து கரைமேல் ஊற்றியது. காய்ந்த மண் அதை ஒரே மடக்கில் குடித்துவிட்டது. மறுபக்கம் ஒரு சொட்டுகூட வரவில்லை.

"பார்த்தீங்களா! கசியவே இல்ல!" என்று மயில் சிறகைத் தட்டியது.

ஒரு குடத்தை ஏரியாக வைத்துச் சோதனை நடந்தது அந்தக் காட்டில் மட்டும்தானா என்று எனக்குத் தெரியாது. அறிக்கை அங்கேயே தயாரானது. 'கரை பார்வையிடப்பட்டது. திருப்தி.' மயில் கையெழுத்துப் போட்டது. ஆமை போட்டது. உடும்பு மட்டும் கடைசிப் பக்கத்தின் அடியில், 'மழையில் பார்க்கப்படவில்லை' என்று பொடி எழுத்தில் எழுதியது. எழுதிவிட்டுத் தானும் கையெழுத்துப் போட்டது. எழுதியாகிவிட்டது, இனி நம் மேல் குறை இல்லை என்று அதற்கு ஒரு நிம்மதி வந்தது. பிறகு பந்தலில் உட்கார்ந்து இரண்டு கை ஈசல் தின்றது. அதை நான் மறைக்கப் போவதில்லை.

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. ஒன்பது நாள் விடாமல் பெய்தது. பத்தாம் நாள் காலை, பேரவையின் முதல் நாள் கூட்டம் தொடங்குவதற்குக் கொஞ்சம் முன்பு, வேலாயி குகை வாசலுக்கு ஓடிவந்தது. உடம்பெல்லாம் சேறு.

"அண்ணே! தண்ணி செவப்பா வருது!"

"செவப்பாவா?"

"இத்தனை நாளும் தெளிஞ்ச தண்ணியா வந்துச்சு. ஈரத்தோட ஈரமா குட்டிகளை வச்சுக்கிட்டுக் கிடந்தேன். இன்னிக்கு விடிஞ்சதுலேருந்து செம்மண்ணா வருதுண்ணே! கரைக்குள்ள இருக்கிற மண்ணே கழண்டு வருது. குட்டிகளைத் தூக்கிக்கிட்டு நரிப் பக்கம் போனேன், விரட்டிட்டாங்க. பன்றிப் பக்கம் போனேன், எல்லை தாண்டாதேன்னுட்டாங்க. திரும்ப அங்கேயே விட்டுட்டு வந்திருக்கேன். என்ன செய்யட்டும் சொல்லுங்க!"

உடும்பு நேராகக் கரடியிடம் போனது. கரடி குகைக்குள் கதகதப்பாக உட்கார்ந்து, வாசிக்க வேண்டிய உரையைப் புரட்டிக்கொண்டிருந்தது.

"அமைச்சரே, ஏரிக்கரை உடையப் போகுது. உடனே வாங்க!"

"கரை அறிக்கை எட்டாம் நாள் அலுவலில் இருக்கிறது. அன்றைக்கு விரிவாகப் பேசலாம்."

"எட்டு நாள் தாங்காது. செம்மண்ணா வருதாம்!"

கரடி உரையை மூடிவிட்டு நிமிர்ந்தது. "உடும்பாரே, நீங்களே இப்படிப் பேசலாமா? 'திருப்தி' என்று கையெழுத்துப் போட்டது யார்?"

"கடைசியில எழுதியிருக்கேனே! மழையில பார்க்கலன்னு!"

"அப்படியா? எந்தப் பக்கத்தில்?" கரடி உண்மையாகவே கேட்டது. அது அறிக்கையின் முதல் பக்கத்தைத் தாண்டியதில்லை.

உடும்பு தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டது. அதற்கு வெட்கமாக இருந்தது. கரடிமேல் கோபப்படக்கூட முடியவில்லை. வேலாயி மூன்று வருடம் நடந்தது. தான் மூன்று வருடம் நகக்கீறல் போட்டது. அந்தப் பொடி எழுத்து யாரைக் காப்பாற்ற எழுதியது என்று இப்போது அதற்குத் தெரிந்தது. தன்னைத்தான்.

குகையின் மூலையில் அவைக் கோல் சாத்தியிருந்தது. கருங்காலிக் கட்டையில் செய்த கோல். அதைத் தரையில் நட்டால்தான் பேரவை தொடங்கும். நடுகிற உரிமை மேற்பார்வைக் குழுத் தலைவருக்கு. ஏழு வருடமாக உடும்புதான் நட்டது. ஏழு வருடமும் குகைக்குள்தான் நட்டது. குகையில்தான் நட வேண்டும் என்று யாரும் சொன்னதில்லை. வெளியே மழை, உள்ளே நனையாது, அதனால் நட்டது. வேறு காரணமே இல்லை.

உடும்பு கோலைக் கவ்விக்கொண்டு மழையில் இறங்கியது.

"எங்கண்ணே போறீங்க?"

"உன் வீட்டுக்குத்தான். நட!"

கொஞ்ச நேரத்தில் குகைக்குள் ஒரே கூச்சல்.

"கோலைக் காணோம்! கோலைக் காணோம்!" என்று மயில் கத்தியது.

அவைத் தலைவி யானை எழுந்து நின்றது. வயதான யானை. சட்டம் என்றால் சட்டம். வாசலில் சேற்றில் பதிந்திருந்த உடும்பின் தடத்தைப் பார்த்தது. தடத்தின் வழியே நடந்தது. பின்னாலேயே உறுப்பினர்கள் எல்லாரும் முனகிக்கொண்டே நனைந்துகொண்டே வந்தார்கள். காண்ட்ராக்டர் பெருச்சாளியும் விருந்தினராக வந்திருந்தது. அதுவும் வேறு வழியில்லாமல் கூடவே வந்தது.

கரையடியில், வேலாயியின் வளை வாசலில், கோல் நட்டபடி நின்றது. பக்கத்தில் உடும்பு.

"இது என்ன கூத்து! கோலைப் பிடுங்குங்கள்! குகைக்குப் போவோம்!" என்று கரடி உறுமியது.

"யாரும் தொட வேண்டாம்," என்றது யானை. "கோல் நின்ற இடம்தான் பேரவை. நட்டுவிட்டால் அன்றைய அலுவல் முடியும்வரை யாரும் எழுந்து போகக் கூடாது. எல்லாரும் உட்காருங்கள்!"

"இங்கேயா? சேற்றிலா?" என்றது மயில்.

"கரை பலமா இருக்குன்னு கையெழுத்துப் போட்டவங்கதானே நாம," என்றது உடும்பு. "பயப்படாம உக்காருங்க."

உட்கார்ந்தார்கள். மழை கொட்டியது. யானை முதல் அலுவலை எடுத்தது. காலமான உறுப்பினர் கிழட்டு ஆந்தைக்கு இரங்கல். எல்லாரும் எழுந்து நின்று மௌனம் காத்தார்கள். அந்த மௌனத்தில்தான் சத்தம் தெளிவாகக் கேட்டது. கரைக்குள்ளிருந்து குபுகுபுவென்று ஒரு சத்தம்.

"அது என்ன?" என்று காட்டுப்பன்றி உறுப்பினர் கேட்டது.

"மௌனம்!" என்றது யானை.

மீண்டும் உட்கார்ந்தபோது கரடி துள்ளி எழுந்தது. அதன் பின்புறமெல்லாம் செக்கச்செவேலென்று ஈரமண்.

"அலுவல் இரண்டு. அமைச்சரின் வரவேற்புரை," என்றது யானை.

கரடி உரையைப் பிரித்தது. "மாண்புமிகு அவைத் தலைவி அவர்களே, இந்த ஆண்டு நமது காடு அடைந்துள்ள வளர்ச்சியை..." அதன் காலடியில் கைப்பிடி அளவு மண் சரிந்து விழுந்தது. இடத்தை மாற்றி நின்றது. அங்கேயும் சரிந்தது. உரை கையிலிருந்து நழுவித் தண்ணீரில் போனது.

"யோவ் பெருச்சாளி! என்னய்யா இது? மண்ணு வருதுய்யா!"

பெருச்சாளி அதற்குள் சரிவில் நழுவப் பார்த்தது. வேலாயி குறுக்கே வந்து நின்று முட்களை விரித்தது. "அலுவல் முடியாம யாரும் போகக் கூடாதாம். அம்மா சொன்னாங்க, கேட்கலயா?"

"அவைத் தலைவி அவர்களே!" கரடி கத்தியது. "எட்டாம் நாள் அலுவலை இப்பவே எடுக்கணும்! அவசரம்! தயவு பண்ணி எடுங்கம்மா!"

"யார் கோருவது?"

"நான்தான்! நானேதான்!"

மூன்று வருட மனுவுக்குக் கிடைக்காத அவசரம், ஒரு அமைச்சரின் பின்புறம் நனைந்ததும் கிடைத்தது. யானை உடனே உத்தரவிட்டது. "மதகைத் திறந்து தண்ணீரை வடியுங்கள்!"

யாராலும் பலகையை அசைக்க முடியவில்லை. யானையே போய்த் துதிக்கையால் ஒரே இழு. பலகை கையோடு வந்தது. எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள்.

பலகைக்குப் பின்னால் மண்தான் இருந்தது. குழாயும் இல்லை, வழியும் இல்லை. வெறும் மண் சுவர்.

"மதகு எங்கேய்யா?" என்றது யானை.

"வாய் வச்சிருக்கேங்கம்மா," என்றது பெருச்சாளி. "தொண்டை அடுத்த கட்டத்துல வருது."

மூன்று கோடை அந்தப் பலகையின் முன்னால் நின்று தலையாட்டியவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

"பேச்சுக்கு நேரமில்ல!" என்று உடும்பு கத்தியது. "கரையோட அந்தக் கோடியில ஆளில்லாத புதர்க்காடு இருக்கு. அங்க மேட்டை வெட்டித் தண்ணியைத் திருப்பி விடுவோம். வாங்க எல்லாரும்!"

காட்டுப்பன்றிகள் மூக்கால் தோண்டின. கரடி நகத்தால் பறித்தது. யானை கல்லைப் புரட்டியது. பெருச்சாளியை முன்னால் தள்ளிவிட்டார்கள். அந்தக் கரையில் அது மனசார உழைத்தது அன்று ஒரு நாள்தான். தோண்டுவது அதற்கு நன்றாகவே வந்தது. படி இல்லாமலே ஆமைகூட வந்து மண்ணைத் தள்ளியது. உடும்பு மட்டும் வளைக்குள் நுழைந்து, வேலாயியோடு சேர்ந்து குட்டிகளை ஒவ்வொன்றாக எல்லையைத் தாண்டி மேட்டுக்கு ஏற்றியது. இரண்டாவது குட்டியை வெளியே எடுத்த சற்று நேரத்தில் வளையின் கூரை உட்கார்ந்துவிட்டது. வேலாயி அதைப் பார்த்தது. குட்டிகளை வயிற்றோடு அணைத்துக்கொண்டு மழையில் உட்கார்ந்திருந்தது.

மத்தியானத்துக்கு மேல் கோடியில் வழி திறந்தது. தண்ணீர் புதர்க்காட்டில் பாய்ந்தது. மாலைக்குள் ஏரி பாதியாக வடிந்தது. செம்மண் தண்ணீர் மெலிந்து, பிறகு நின்றது. கரை பிழைத்தது. ஆனால் அந்த வருடத்துத் தண்ணீரும் போய்விட்டது. கோடையில் குடிக்க என்ன செய்வது என்ற கேள்வி எல்லாருக்கும் இருந்தது. யாரும் வாயைத் திறந்து கேட்கவில்லை.

இதோடு எல்லாரும் திருந்திவிட்டார்கள் என்று சொல்லி முடிக்க எனக்கும் ஆசைதான். ஆனால் நடந்ததைத்தான் சொல்ல முடியும்.

மறுநாள் பேரவை மறுபடி குகைக்குள் கூடியது. வேலாயிக்குப் புது இடம் ஒதுக்கப்பட்டது. மேட்டில்தான். அந்த அளவுக்கு நல்லது. மதகைப் பற்றி விசாரிக்க ஒரு குழு போட்டார்கள். ஆமை தலைவர். எவ்வளவு காலத்துக்குள் முடிக்க வேண்டும் என்று குறிப்பிடவில்லை. கரையைப் பழுதுபார்க்கும் வேலை பெருச்சாளிக்கே கொடுக்கப்பட்டது.

"அவருக்கேவா!" என்று உடும்பு எழுந்தது.

"அந்தக் கரையைப் பற்றி அவருக்குத் தெரிந்த அளவு வேறு யாருக்குத் தெரியும்?" என்றது கரடி. அது மறுபடியும் சுத்தமான மேடைப் பேச்சுக்கு வந்துவிட்டது.

பிறகு கரடி ஒரு தீர்மானம் கொண்டுவந்தது. அவைக் கோலை இனிமேல் குகைத் தரையிலேயே நிரந்தரமாகப் புதைத்துக் கல் வைத்து இறுக்கிவிட வேண்டும். மயில் வழிமொழிந்தது. அதன் தோகையிலிருந்து இன்னும் சேறு போகவில்லை. ஆதரவாகக் கை தூக்கியவர்களை யானை எண்ணிப் பார்த்தது. உடும்பைத் தவிர அத்தனை பேரும் தூக்கியிருந்தார்கள். கோலுக்குக் கல் வைத்தார்கள். பேரவை வரலாற்றில் அவ்வளவு சீக்கிரம் முடிந்த பொதுப்பணி அது ஒன்றுதான். அந்த வேலையில் ஒரு குறைகூடச் சொல்ல முடியாது.

சித்திரை வந்தது. ஏரி எப்போதையும்விட முன்னதாகவே வற்றியது. தண்ணீர் குடிக்க எல்லாரும் மலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஆற்றுக்கு நடந்தார்கள். விடிந்து புறப்பட்டால் உச்சிப் பொழுதுக்குப் போய்ச் சேரலாம். போகிற வழியில் வேலாயியின் குட்டிகள் இரண்டு முறை உட்கார்ந்துவிட்டன. உடும்பு அவற்றின் பக்கத்தில் மெல்ல நடந்தது.

அங்கேதான் பெருச்சாளி வந்து பிடித்தது. "உடும்பையா, கரை வேலை முடிஞ்சுது. நீங்க வந்து பார்வையிட்டு ஒரு கையெழுத்துப் போட்டா, களஞ்சியத்துலேருந்து என் கூலித் தானியம் வந்துடும். மயிலையாவும் ஆமையண்ணனும் போட்டாச்சு. பந்தல் போட்டிருக்கேன்."

"தொண்டை வச்சாச்சா?"

"வச்சாச்சுங்க! வந்து பாருங்க!"

"ஐப்பசியில வர்றேன்."

"ஐப்பசியிலயா? அது மழைக்காலமாச்சே! நீங்க குகையில இல்ல இருப்பீங்க!"

"இல்ல. கரையடியில இருப்பேன். ஏரி ரொம்பட்டும். பத்து முழம் நிக்கட்டும். பலகையைத் தூக்குறோம், தண்ணி வருதான்னு பார்க்கிறோம். வந்தா அங்கேயே கையெழுத்து."

"அதுவரைக்கும் என் கூலி?"

"களஞ்சியத்துல பத்திரமா இருக்கும்."

பெருச்சாளி கரடியிடம் ஓடியது. கரடி விதியைப் புரட்டியது. சித்திரையில் கையெழுத்துப் போட வேண்டும் என்று எங்கேயாவது இருக்கிறதா என்று தேடியது. எங்கேயும் இல்லை. பயணத்துக்குத்தான் மாதம் இருந்தது, கையெழுத்துக்கு இல்லை. மூன்று நாள் கழித்து உடும்பு புளியமரத்தடியிலிருந்து பார்த்தபோது, பெருச்சாளியின் ஆட்கள் மதகுப் பக்கம் மறுபடி தோண்டிக்கொண்டிருந்தார்கள். தொண்டை அப்போதுதான் வைக்கப்பட்டது போலிருக்கிறது.

ஐப்பசியில் மழை பெய்தது. குகைக்குள் மயில் பேசுவது தூரத்தில் கேட்டது. உடும்பு தனியாக வந்து கரையடியில் படுத்தது. கொஞ்ச நேரத்தில் வேலாயியும் மேட்டிலிருந்து இறங்கி வந்து பக்கத்தில் உட்கார்ந்தது.

"உங்களுக்கு அலுப்பா இல்லையாண்ணே?"

"அலுப்பாத்தான் இருக்கு," என்றது உடும்பு. மழைத் தண்ணீர் அதன் முதுகில் வழிந்தது. அது எழுந்து போகவில்லை.

பொதுச் சொத்தைச் சரிபார்க்கிறவர், அது உடைந்தால் தானும் சேர்ந்து அடித்துக்கொண்டு போகப்படும் இடத்தில் நின்று பார்த்த பிறகே, சரி என்று கையெழுத்துப் போட வேண்டும்.